இரண்டாவது தாள்

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பிறகு அதற்கு இடம் கிடைக்காது. அவர் கையெழுத்து நன்றாக இருக்கும். முத்து முத்தாக என்பார்களே, அப்படி. அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியங்களைப் பார்த்தால், கோழிக்கிறுக்கலாக எழுதுகிறவர்களுக்கெல்லாம் கோயிலே கட்டலாம்.

பெயர் வேண்டாம். திருச்செங்கோட்டில் அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. நாங்கள் மேனேஜர் என்றுதான் சொல்வோம். ஒரு போர்வெல் கம்பெனியின் ஆபீசுக்கு மேனேஜர். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, வாசலில் தேய்ந்த டயர்கள், உள்ளே ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ. அந்த பீரோவின் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். உள்ளே வைரமா இருக்கிறது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் டிரில்லர், ரிக் வண்டியில் நின்று பூமியைத் துளைக்கிறவர். எங்கள் பக்கத்து வண்டிகள் ஐப்பசி, கார்த்திகையில் வடக்கே கிளம்பினால் ஆடிப் பதினெட்டுக்குத்தான் ஊர் திரும்பும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அதற்கும் அப்பால் பேர் தெரியாத காடு. இன்றைக்கு ஒரு ஊரில் துளை போட்டால் மூன்று நாளில் இன்னொரு ஊர். எந்தத் தபால்காரனும் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் கடிதப் போக்குவரத்தெல்லாம் ஆபீஸ் வழியாகத்தான். சனிக்கிழமைதோறும் பொண்டாட்டிமார் போய் வாரச் செலவுக்கு வாங்கிக்கொண்டு, எழுதி வைத்ததைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். உதிரிச் சாமான் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் எங்கள் மனசும் போகும். அங்கிருந்து அவர்கள் எழுதுவதும் அதே லாரியில் அதே மேஜைக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் அவர்.

கல்யாணமான முதல் சீசனில் கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி, கத்தரிக்காய் நிறுப்பவர் மாதிரி கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஒட்டிக் குடுக்கக் கூடாதுங்க அம்மிணி. எல்லாத்தையும் ஒரே கவருல போட்டுத்தான் அனுப்போணும். தனித்தனியா இருந்தா லாரிக்காரன் எங்கியாச்சும் தொலைச்சுப்போடுவான். தாளை மட்டும் மடிச்சுக் குடுங்க. நான் பார்த்துக்கறேன்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

எங்கள் பக்கத்தில் கடிதம் எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. நலம், நலமறிய ஆவல். அம்மா சுகம், பெரியப்பா சுகம், எருமை சினை, கிணற்றில் தண்ணீர் இத்தனை முழம், மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாகிவிட்டது. முதல் தாள் முழுக்க இதற்கே போய்விடும். மனசில் இருப்பது இரண்டாவது தாளில்தான் வரும். அந்தக் காலத்து மலிவுத் தாளில் மை பின்பக்கம் ஊறிவிடும் என்பதால் ஒரு பக்கம்தான் எழுதுவோம். ஆக எல்லோருடைய கடிதமும் இரண்டு தாள். என் வீட்டுக்காரர் மட்டும் எனக்கு ஒரே தாள்தான் போடுவார். அதுவும் ரிக் ரிப்போர்ட் புத்தகத்தில் கிழித்த தாள். இத்தனை அடி துளைத்தோம் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவதற்கான தாள் அது. அங்கே எல்லோரும் சுகம், அம்மாவைப் பார்த்துக்கொள், கீழே கையெழுத்து. என் ஆள் சுருக்கமான ஆள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் வாயில் எப்போதும் இரண்டு பேச்சு இருக்கும். ஒன்று, "வண்டி நிக்கக் கூடாது சாமி." இன்னொன்று, "ஆடி வரட்டும், பேசிக்கலாம்." லீவு கேட்டாலும் ஆடி. சம்பளம் ஏற்றிக் கேட்டாலும் ஆடி. ஒருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரியாக வந்து பிரசவத்துக்கு வீட்டுக்காரரை அனுப்பச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். பிள்ளை சித்திரையிலேயே பிறந்துவிட்டது. அதற்கு விவரம் போதவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு டிரில்லரின் மனைவி இருந்தாள். எழுதத் தெரியாதவள். அவள் சொல்லச் சொல்ல மேனேஜர்தான் எழுதிக் கொடுப்பார். மாமியாரோடு பெரிய சண்டையாகி, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு ஓமலூரில் அம்மா வீட்டுக்குப் போகிற அன்றைக்கு, பஸ் ஏறுமுன் ஆபீசுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இனி உங்கம்மா இருக்கற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், நீங்க வந்து தனியா ஊடு பாத்தாத்தான் வருவேன்னு எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதினார். எழுதி முடித்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே படித்தும் காட்டினார். "வாசப்படி" என்கிற இடத்தில் குரல்கூடத் தழுதழுத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆடியில் அவள் புருஷன் வந்து இறங்கினான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நிறத்தில் இரண்டு சேலை. வீட்டில் மருமகள் இல்லை. அவன் தெரு முழுக்கக் கடிதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தான். "அத்தையும் நானும் அம்மாவும் மகளும்போல ஒற்றுமையாக இருக்கிறோம்" என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு ஓமலூர் போனான். தனி வீடு பார்க்காமல் எட்டு மாசம் என்ன செய்தீர்கள் என்று அவள் அவனை விளக்குமாற்றோடு கேட்டாளாம்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவளைத்தான். சொன்னதை மாற்றிப் பேசுகிறாள், படிக்காதவள் என்று. மேனேஜர் அப்பேர்ப்பட்ட வேலை செய்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மலையேறிச் சாமி கும்பிடுகிறவர், ஆபீஸ் காசில் ஒரு டீ குடிக்காதவர். எனக்கு இன்னொரு திமிரும் இருந்தது. எனக்குத்தான் எழுதத் தெரியுமே, நான் பத்தாவது படித்தவளாயிற்றே.

கடிதம் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று அந்த ஆளுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சம்சாரத்துக்குப் பிறந்த ஊர் பரமத்தி வேலூர் பக்கம். ஒரு தடவை அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அந்தம்மா பத்து நாள் போய்விட்டார். மேனேஜர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். காலையில் ஒரு சீட்டு, மத்தியானம் ஒரு சீட்டு, சாயங்காலம் ஒரு சீட்டு. வேலூர்ப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "மறந்துராதீங்க சாமி, நேரா ஊட்டுல குடுத்துருங்க" என்று கெஞ்சுவார். அதில் என்ன எழுதினார் என்பதும் ஊருக்குத் தெரியும். கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? வீடு வீடாகவே இல்லை, சோறு இறங்கவில்லை, உடனே வா. நாலாம் நாளே பஸ்ஸில் வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தம்மா வந்து சேர்ந்தார். பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாள் தாங்காத மனுஷன்தான் எங்களுக்கு ஒன்பது மாசத்தை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் மாமியாருக்கு வயிற்றில் கட்டி வந்தது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது சீசனில். சேலம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். பங்குனி தாண்டாது, பையன் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே எழுதினேன். முறை தவறாமல் முதல் தாளில் எல்லோர் சுகமும் எழுதி, இரண்டாவது தாளில் அழுதுகொண்டே எழுதினேன். அடுத்த சனிக்கிழமையும் எழுதினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அத்தை கட்டிலிலிருந்தே பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் கேட்பார்.

"ஏம்மிணி, பையன் வாரானாமா?"

"வாராருங்க அத்தை."

மேனேஜரிடம் கேட்டால், "கடுதாசி போய்ச் சேந்துருச்சு சாமி. படிச்சிருப்பான்" என்பார். அங்கிருந்து வழக்கம்போல ஒரு தாள் வரும். எல்லோரும் சுகம், அம்மாவைப் பார்த்துக்கொள், கையெழுத்து. அதை அத்தைக்குப் படித்துக் காட்டும்போது, வருகிறேன் என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். பொய் எழுதுவதில் மேனேஜருக்கு நானும் கூட்டாளிதான். அந்த ஆறு வாரமும் நான் வெறுத்தது மேனேஜரை அல்ல, என் வீட்டுக்காரரை. கல்லைத் துளைத்துத் துளைத்து மனசும் கல்லாகிவிட்டது என்று நினைத்தேன்.

பங்குனியில் அத்தை போய்விட்டார். மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். பந்தல்காரனை அதட்டினார், பாடைக்கு மூங்கில் சரியில்லை என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"வண்டி நிக்கற எடத்துக்குத் தந்தி குடுத்துப் பாத்துட்டேன் அம்மிணி. பெரிய போர் பாயிண்டு, பாதியில உட்டுட்டு வர முடியாதுங்கறான். என்ன பண்றது? பங்காளிப் பையன் கொள்ளி வெக்கட்டும். வெயில் ஏறுது."

ஒரே பையன் இருந்தும் அத்தைக்குப் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். வெயிலில் வந்த மனுஷன் என்று மேனேஜருக்கு நான்தான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு நான் எழுதவும் இல்லை, அவர் போட்டதைப் பிரிக்கவும் இல்லை. ஆடி வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா" என்று கூப்பிட்டார். கையில் ஒரு கம்பளி. வடக்கத்திக் கம்பளி, தடிமனானது. மார்கழிக் குளிரில் அத்தைக்குக் கை கால் விறைத்துப் போகும். அதற்காக வாங்கி வந்திருந்தார்.

நான் நாலு மாசமாகச் சேர்த்து வைத்த கோபத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "யாருக்குங்க கொண்டாந்தீங்க அதை?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். படத்தில் மாலையைப் பார்த்தார். கம்பளியைக் கீழே வைக்காமலேயே உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அது மடியிலேயே இருந்தது.

பிறகு தகரப்பெட்டியைத் திறந்து என் கடிதங்களை எடுத்துப் போட்டார். அத்தனையும் முதல் தாள். எருமை சினை, கிணற்றில் தண்ணீர், பூச்சாட்டு.

"நீ ஏம்புள்ள எப்பவும் பாதியோட நிறுத்திர்றே? கையெழுத்துக்கூடப் போடறதில்ல" என்றார்.

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது.

மறுநாள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். மேனேஜருக்கு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆமா சாமி, எடுத்தேன். குடுத்திருந்தா நீ வந்திருப்பே. நீ வந்திருந்தா வண்டி நின்னிருக்கும். ஒரு வண்டி நின்னா எத்தனை ஊடு பட்டினி, சொல்லு? நீ வந்துட்டா மட்டும் கட்டி கரைஞ்சிருமா?"

நான் கேட்டேன். "அங்கிருந்து எங்களுக்கு வர்றதையும் எடுத்தீங்களா?"

"மலை மேல இருக்கற சாமி சத்தியமா இல்லீங்க அம்மிணி. ஊட்டுக்கு வர்ற கடுதாசியால எந்த வண்டி நிக்கப்போவுது?"

எங்கள் மலைச்சாமி பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி. புருஷன் பொண்டாட்டி நடுவில் கையை விட்டவர், சத்தியம் செய்வதற்குத் தேடிப் பிடித்த சாமியைப் பாருங்கள். நாங்கள் நம்பினோம். கையெழுத்தோடு முடிகிற கடிதத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "நீ ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா நான் எப்பவோ வந்திருப்பேன்."

"அதத்தானுங்க எழுதினேன். அந்தாளு எடுத்துப்போட்டானே?"

"அம்மா விசயத்தைச் சொல்லல" என்றார். வேகமாக முன்னால் நடந்தார்.

வேறெந்த விஷயம் என்று நானும் கேட்கவில்லை. அங்கேதான் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டும். மாமியார் சாகக் கிடக்கிறார் என்று மட்டுமா நான் இரண்டாவது தாளில் எழுதினேன்? முதல் வருஷத்திலிருந்தே, இந்த வேலை வேண்டாம், ஊருக்கே வந்துவிடுங்கள் என்று எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அதை அந்த நடுரோட்டில் வாயால் சொல்லியிருக்கலாம். வெட்கம். புருஷனைப் பக்கத்திலேயே இரு என்று கேட்பது எங்கள் வீடுகளில் அசிங்கம் மாதிரி. எழுதத்தான் வரும். எழுதினது எங்கே போயிற்று என்பதுதான் தெரிந்துவிட்டதே.

ஐப்பசியில் அவர் மறுபடி வண்டி ஏறினார். இந்த மனுஷனுக்கு ரிக்குதான் பொண்டாட்டி என்று நான் முடிவுகட்டினேன். அதற்குப் பிறகு நான் இரண்டாவது தாள் எழுதவேயில்லை. பல வருஷம் கழித்துக் கைப்பேசி வந்தது. தினமும் பேசினோம். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். போனிலும் முதல் தாளைத்தான் பேசினோம். இப்போது எதிர்வீட்டுப் பெண் ஆப்பிரிக்காவில் ரிக் ஓட்டுகிற புருஷனோடு முகத்தைப் பார்த்தே சண்டை போடுகிறாள். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் நெஞ்சில் கல்தூசி அடைத்து, வேலைக்கு ஆகாதவராகத்தான் ஊர் வந்து சேர்ந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்துக்கொண்டு நாலு வருஷம் இருந்தார். ஒருநாள் மருந்து கொடுக்கும்போது, "ரிக்கை உட்டுட்டு வர மனசில்லாம இருந்தீங்க. இப்பப் பாருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அன்றைக்குப் பேசுகிற அளவுக்கு மூச்சு இல்லை.

போன வருஷம் தை மாசம் அவர் போய்விட்டார். மாசியில் ஒருநாள் வாசலில் ஆட்டோ நின்றது. மேனேஜர். வயது எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கால் ஒடிந்து படுத்திருந்ததால் சாவுக்கு வர முடியவில்லை என்றார். கம்பு ஊன்றி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல டிரில்லர், கல் எங்கே உடையும் என்று அவன் கைக்கே தெரியும் என்று பேச வேண்டியதைப் பேசினார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அந்துருண்டை வாசனை அடித்தது.

"ஆபீசை இடிக்கறாங்க சாமி. போற காலத்துல அவங்கவங்க பொருளை அவங்கவங்ககிட்டச் சேத்திரோணும் பாருங்க. ஒரு தாள் கிழிக்கல. எலி கடிக்க உடல. தேதி வாரியா அடுக்கியிருக்கேன்."

பிரித்தேன். மேலே என் கையெழுத்தில் ஒரு இரண்டாவது தாள். அதற்கடியில் ரிப்போர்ட் புத்தகத் தாள் ஒன்று. கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து. அடிக்கணக்கு எழுதுகிற பழக்கத்தில் அந்த மனுஷன் ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால்தான் எனக்கு வந்த முதல் தாள் எல்லாம் முழுக் கடிதமாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் முதல் சீசனில் எழுதியது. "இந்த வேலை எனக்குப் புடிக்கல. தூசி நெஞ்சை அடைக்குது. ஊருக்கு வந்து எருமை மேய்ச்சாலும் போதும்னு இருக்குது. நேருல கேட்க எனக்கு வாய் வராது. நீ வாங்கன்னு ஒரு வார்த்தை எழுது. அடுத்த லாரியில ஏறிர்றேன்."

அதற்கு அடுத்த தாள் என்னுடையது. அதே மாசம். "ஊருக்கே வந்துவிடுங்கள். நேரில் கேட்க வெட்கமாக இருக்கிறது."

என் வீட்டுக்காரர் ஒன்று, நான் ஒன்று என்று மேனேஜர் தேதிப்படி அடுக்கியிருந்தார். வீட்டுக்காரருடையது மொத்தம் ஏழு. நாங்கள் இரண்டு பேரும் மனசுவிட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் அந்த இரும்பு பீரோவுக்குள் நடந்திருக்கிறது. ஏழாவது தாள் அத்தை நோயில் விழுவதற்கு முந்தைய சீசனில் எழுதியது. "ஆடிக்கு வந்தப்பவும் நீ வாயத் தெறக்கல. உனக்கு இஷ்டமில்லைன்னு தெரிஞ்சு போச்சு. இனிக் கேட்க மாட்டேன்." கீழே கையெழுத்து. அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார். சாகிறவரை கேட்கவில்லை.

நான் கேட்டேன். "ஊட்டுக்கு வர்றதைத் தொடலைன்னு மலைச்சாமி மேல சத்தியம் பண்ணுனீங்களே?"

"பண்ணாட்டி அவன் அந்த வருசம் வண்டி ஏறியிருப்பானுங்களா சாமி?" என்றார். விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதைப்போல, பிரியமாகச் சொன்னார். "இத்தனை வருசமா எவன் இப்படிப் பத்திரமா வெச்சிருப்பான், சொல்லுங்க?"

நான் நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் அதுதான் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்து அரைமணி நேரமாகியும் கையில் சொம்பு வரவில்லை. வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சை ஆரம்பிக்கிற வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அவராகவே கேட்டார்.

"வெயிலு மாசியிலயே இந்தப் போடு போடுது. ஒரு சொம்பு தண்ணி குடுங்க அம்மிணி."

"ஆடி வரட்டுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்தபடியே சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். நான் தாள்களைத் தேதி கலையாமல் மடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆட்டோ கிளம்பிப் போக வெகுநேரம் ஆயிற்று.